துரஹள்ளிக் காட்டில் பார்த்த சிலந்தி புதிய இனமா?

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் ஓசூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். கனகபுரா சாலைப் பக்கம் உள்ள துரஹள்ளிக் காட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கப் போனவர், புதர் இலை ஒன்றின் மேல் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு தாவும் சிலந்தியைப் படம் எடுத்திருக்கிறார். கருத்த உடம்பு, முதுகில் ஒரு வெண்பட்டை, முன்கால் இரண்டும் தடித்து ஆரஞ்சு நிறம். படத்தை வைத்து உயிரினங்களை அடையாளம் காட்டும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றியதில் 'சால்டிசிடே குடும்பம்', அதாவது தாவும் சிலந்திக் குடும்பம், என்பதோடு அது நின்றுவிட்டது. கூட வந்த நண்பர், "இது புது இனம்தான், விட்டுடாதே" என்று உசுப்பேற்றிவிட்டாராம். அவர் கேட்பது மூன்று: இது புதிய இனமாக இருக்குமா? இருந்தால் முறைப்படி அறிவிப்பது எப்படி? பாட்டி இருசாயியின் பெயரை அதற்கு வைக்க முடியுமா?

இருக்கலாம். ஆனால் அந்தப் படத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. பாட்டி பெயரை வைக்க விதி தடுக்காது. வைப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம், அவ்வளவுதான். இனி விரிவாக.

புதிய சிலந்தி என்பது ஒன்றும் குதிரைக்கொம்பு இல்லை. பெயர் பெற்ற எல்லாச் சிலந்திகளுக்கும் உலகச் சிலந்திப் பட்டியல் என்று ஒன்று உண்டு; சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதை நடத்துகிறது. 2022 ஏப்ரலில் அது 50,000 இனங்களைத் தொட்டது. ஐம்பதாயிரமாவதாக வந்ததும் ஒரு தாவும் சிலந்திதான், தென் அமெரிக்காவின் குரியூரியஸ் மினுவானோ. அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. இதற்காக அமேசான் வரை போக வேண்டியதில்லை. மும்பையை ஒட்டிய தாணேயில் கிடைத்த தாவும் சிலந்தி ஒன்றுக்கு 2021இல் ஐசியஸ் துக்காராமி என்று பெயர் வைத்தார்கள், 26/11 தாக்குதலில் கசாபைப் பிடித்து உயிர்விட்ட காவலர் துக்காராம் ஓம்ப்ளேவின் நினைவாக. நமக்கு இன்னும் பக்கத்தில், துமகூரு மாவட்டத்து ஜெயமங்கலி வெளிமான் காப்பகத்தின் பெயரைத் தாங்கிய தெங்கணா ஜெயமங்கலி 2024இல் வெளிவந்தது. அந்தக் கட்டுரை எழுதியவர்களில் பெங்களூரில் உள்ள என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் ஒருவர். அவர்கள் ஒரு சிலந்தியோடு நிற்கவில்லை. ஏற்கெனவே கொலாப்ஸஸ் என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்புதான் பேரினம்) உட்கார்ந்திருந்த இரண்டு தென்னிந்தியச் சிலந்திகளையும் எடுத்து, மூன்றுக்குமாகத் தெங்கணா என்ற புதிய பேரினத்தையே உண்டாக்கினார்கள். ஆகவே உங்கள் நண்பர் சொன்னதை நான் சிரித்துத் தள்ளவில்லை.

ஆனால் செயலிக்குத் தெரியாததும் அறிவியலுக்குத் தெரியாததும் ஒன்றல்ல. செயலி மக்கள் ஏற்றிய படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. உயிரோடு ஒருவரும் படமெடுக்காமல், நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ பிடித்துச் சாராயத்தில் போட்டு, பெயரும் வைத்து, ஐரோப்பிய அருங்காட்சியக அலமாரியில் வைத்துவிட்ட சிலந்திகள் ஏராளம். அவற்றைப் பற்றிச் செயலிக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சிலந்தியைப் புதியது என்று சொல்ல வேண்டுமென்றால், அது இதுவரை பெயர் வைத்த எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். வேலையின் முக்கால் பங்கு இதுதான். சிலந்தியைப் பிடிப்பது அதில் மிகச் சின்னப் பங்கு.

உங்கள் சிலந்தியையே எடுத்துக்கொள்வோம். தடித்த முன்கால் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது மாரெங்கோ என்ற பேரினம். இலங்கையிலிருந்து வந்த சிலந்தியை வைத்து அமெரிக்காவின் பெக்கம் தம்பதி 1892இல் உண்டாக்கிய பேரினம் அது. 2004இல் இலங்கை ஆய்வாளர் சுரேஷ் பெஞ்சமின் அந்தக் கூட்டம் முழுவதையும் மறுபடி ஆராய்ந்து, இன்டோமாரெங்கோ என்ற உறவுப் பேரினத்தைப் பிரித்தார். 2019இல் இந்தியாவிலிருந்து இரண்டு சேர்ந்தன: மாரெங்கோ சச்சின்டெண்டுல்கர், இன்டோமாரெங்கோ சவாராபேட்டர். முதல் பெயர் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது கேரளத்தின் புனித சாவறா குரியாக்கோஸுக்கு. சச்சின் சிலந்தி கேரளாவிலும் குஜராத்திலும் கிடைத்திருக்கிறது. நடுவில் இருக்கும் பெங்களூரில் அது இருந்தால் ஆச்சரியமில்லை. எனவே நீங்கள் பார்த்தது அதுவே இல்லை, இலங்கையில் உள்ளதும் இல்லை, தென்கிழக்கு ஆசிய உறவுகளில் எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அல்லது மாரெங்கோ என்ற என் ஊகமே தவறாக இருந்து, இதே வேலையை வேறு பேரினத்தில் செய்ய வேண்டியிருக்கும்.

எதை வைத்துத் தள்ளுவது? நிறத்தை வைத்து இல்லை. படம் எடுப்பவர்களுக்கு இது கொஞ்சம் கசப்பான செய்தி. வெண்பட்டை என்பது பெரும்பாலும் வெறும் செதில் முடி. வயதானால் உதிரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும், எத்தனாலில் போட்டால் ஆரஞ்சு மங்கி வெறும் பழுப்பாகிவிடும். சிலந்தி ஆய்வாளர் பார்ப்பது இனப்பெருக்க உறுப்புகளை. ஆணில் பெடிபால்ப், பெண்ணில் எபிஜைன்.

முகத்துக்கு முன்னால் குட்டைக் கால்களாக இரண்டு நீட்டிக்கொண்டிருக்குமே, அவைதான் பெடிபால்ப். முதிர்ந்த ஆணின் இடது பெடிபால்ப்பை வெட்டி எடுத்து, குழிச் சில்லில் ஒரு சொட்டு எத்தனாலில் போட்டு, அடிப்பக்கம் மேலே வருமாறு ஊசியால் திருப்பி வைத்துப் பாருங்கள். கடைசிக் கணு உட்பக்கம் குழிந்திருக்கும். அதற்குப் பெயர் சிம்பியம். அந்தக் குழிக்குள் தேன் நிறத்தில் பளபளவென்று ஒரு புடைப்பு, அது பல்பு. தோல் வழியாகவே உள்ளே விந்துக்குழாய் வளைந்து ஓடுவது தெரியும். ஓரத்திலிருந்து கருத்த முனை ஒன்று கிளம்பும், எம்போலஸ். ஒரு இனத்தில் அது குட்டையான முள்ளாக நிற்கும். பக்கத்து இனத்தில் பல்பை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிற்கும். அடுத்த கணுவான டிபியாவின் வெளிப்புறத்தில் ஒரு சின்னக் கொம்பு இருக்கும். அது நேரா, கொக்கியா, நுனி பிளந்ததா என்பதெல்லாம் கணக்கு. ஆண் சிலந்தி தன் வயிற்றடியிலிருந்து விந்தைச் சிறு வலைத் துணுக்கில் விட்டு, இந்தப் பல்பால் உறிஞ்சி நிரப்பிக்கொண்டுதான் பெண் தேடிப் போகும். பெண்ணின் உறுப்போடு சரியாகப் பொருந்தியாக வேண்டிய பாகம் என்பதால், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும் இரண்டு இனங்கள்கூட இங்கே பிடிபட்டுவிடும்.

பெண்ணுக்கு வயிற்றடியில், முன்பக்கமாக, கடினமான ஒரு தகடு இருக்கும். உங்கள் அளவுச் சிலந்தியில் அது அரை மில்லிமீட்டர்கூட வராது. அதை மெல்லிய ஊசியால் சுற்றிக் கீறி எடுத்து, லாக்டிக் அமிலத்திலோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலோ போட்டுத் திசுவைக் கரைப்பார்கள். தெளிவு வரக் கிராம்பு எண்ணெய் போடுபவர்களும் உண்டு. பல்வலிக்கு வைக்கும் அதே கிராம்பு எண்ணெய்தான். எங்கள் மேசை எப்போதும் பல் டாக்டர் கிளினிக் வாசம் அடிப்பது அதனால்தான். சதை கரைந்த பிறகு உள்ளே குழாய்களும் விந்துப் பைகளும் மட்டும் மிஞ்சும். குழாய் எங்கே திறக்கிறது, எத்தனை சுருள், பை உருண்டையா நீளமா என்று பார்த்து வரைய வேண்டும். படம் எடுத்தாலும் கையால் வரைவதை இன்னும் விடவில்லை, ஏனென்றால் எந்தக் கோடு முக்கியம் என்று புகைப்படத்துக்குத் தெரியாது.

இதிலிருந்து ஒரு விஷயம் தானாகப் புரியும்: சிலந்தி முதிர்ந்ததாக இருக்க வேண்டும். கடைசியாகத் தோல் உரிக்கும்வரை இந்த உறுப்புகள் உருவாகாது. முதிர்வதற்கு ஒரு உரிப்பு முன்னால் உள்ள ஆணின் பெடிபால்ப் நுனி குத்துச்சண்டைக் கையுறை மாட்டியதுபோல உப்பியிருக்கும், ஆனால் உள்ளே பார்க்க ஒன்றும் இருக்காது. இளஞ்சிலந்தியை வைத்துப் பெயர் வைத்தால் பின்னால் வருபவர்களுக்குத் தலைவலி. பழைய ஆட்கள் அப்படி வைத்த பெயர்கள் சில, எந்த இனத்தோடும் பொருத்திப் பார்க்க முடியாமல் சந்தேகப் பெயர்களாக இன்றும் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

ஆணும் பெண்ணும் இரண்டும் கிடைத்தால் நல்லது. பல சிலந்திகளில் ஆணும் பெண்ணும் வேறு வேறு இனம் என்று தோன்றும் அளவுக்கு மாறுபடும். ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர் என்று இருவர் தனித்தனியாக வைத்து, பிற்பாடு ஒன்றாக்கிய கதைகள் நிறைய. அதற்காக இரண்டும் கிடைக்கும்வரை யாரும் காத்திருப்பதும் இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில், கர்நாடகத்தின் கான் காடுகளில் கிடைத்த எரியோவிக்ஸியா கிரிஃபிண்டோரியை 2016இல் பெண்ணை மட்டும் வைத்துத்தான் விவரித்தார்கள். காய்ந்த இலைச் சுருள் மாதிரி கூம்பிய வயிறு. ஹாரி பாட்டர் கதையில் வரும் மந்திரத் தொப்பிக்கும் அதற்கும் அச்சு அசல் ஒற்றுமை என்பதால், கதையில் அந்தத் தொப்பியின் முதல் சொந்தக்காரரின் பெயரையே வைத்தார்கள். வேறு எதனோடும் குழப்ப முடியாத உருவம் என்றால் ஒரு பால் போதும் என்பது என் கருத்து. சின்னச் சின்னக் கருப்புத் தாவும் சிலந்திகளில் அப்படிச் செய்வது எனக்குப் பிடிப்பதில்லை.

அடுத்து ஏட்டு வேலை. விலங்குகளுக்கு அறிவியல் பெயர் வைப்பது லின்னேயஸின் 1758ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதாகக் கணக்கு. சிலந்திக்கு மட்டும் ஒரு சலுகை: ஸ்வீடனின் கார்ல் கிளர்க் அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1757இல், சிலந்திகளுக்கு வைத்த பெயர்களையும் செல்லும் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். சர்வதேச விதித் தொகுப்பிலேயே பெயர் சொல்லிக் கொடுத்த விலக்கு அது. அங்கிருந்து இன்றுவரை உள்ளதைப் பார்க்க வேண்டும். உலகச் சிலந்திப் பட்டியலில் பதிவு செய்துகொண்டால் பழைய கட்டுரைகளின் பிரதிகள் இலவசமாகக் கிடைப்பதால், இந்தப் பாடு முன்னளவுக்கு இல்லை. மாதிரிகள்தான் உலகம் பூராவும் சிதறிக் கிடக்கின்றன. பர்மாவில் ஃபேயா என்ற இத்தாலியர் சேகரித்ததை ஸ்வீடனின் தோரெல் விவரித்தார், சிலந்திகள் ஜெனோவாவில் உள்ளன. பிரெஞ்சுச் சிலந்தி ஆய்வாளர் சிமோனின் சேகரிப்பு பாரிஸில். இந்தியச் சிலந்திகளுக்கு 1900இல் முதல் பெரிய கையேடு எழுதிய போக்காக்கின் மாதிரிகள் லண்டனில். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை இருபது வருஷம் கவனித்த கிரேவ்லியும் சிலந்திகளை விவரித்தவர்தான். அதன் பிறகு இந்திய விலங்கியல் அளவைத் துறையின் திகாதர் எழுதிக் குவித்தவை கொல்கத்தாவில். திகாதர் இல்லையென்றால் இந்தியச் சிலந்தியியலே இல்லை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் காலத்துப் படங்களில் எபிஜைன் சில சமயம் இரண்டு வட்டமும் ஒரு கோடுமாக முடிந்துவிடும்; அதை வைத்து இன்று எதையும் ஒப்பிட முடிவதில்லை. மூல மாதிரியை நேரில் பார்ப்பதோ, அங்குள்ளவரிடம் புதிதாகப் படம் எடுத்துத் தரச் சொல்வதோதான் வழி.

பெயரோடு இடமும் சிக்கலாகலாம். ஆந்திராவின் குத்தி ரயில் நிலையம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போகும் வழியில் வரும். அங்கே ரயில்வே மரக் கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு நீலச் சிலந்தியை வைத்து 1899இல் போக்காக் பொயெசிலோதெரியா மெட்டாலிக்காவை விவரித்தார். அதன் பிறகு நூறு வருஷம் அதைக் கண்டவர் இல்லை. 2001இல் திரும்பக் கிடைத்தது நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே உள்ள காட்டில், குத்தியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி. மரக்கட்டையோடு ரயிலேறி வந்த சிலந்தியாக இருக்க வேண்டும். மாதிரியோடு வைத்த இடச் சீட்டில் எழுதியிருந்தது என்னவோ உண்மைதான், அது பிடிபட்ட இடம் குத்திதான். அதன் வீடு வேறு. உங்கள் சிலந்தியும் நாற்றுப் பண்ணையிலிருந்து செடியோடு வந்ததா, காட்டுக்குச் சொந்தமா என்ற கேள்வி பெங்களூர் மாதிரி ஊரில் கட்டாயம் வரும்.

இதனால்தான் காலம் பிடிக்கிறது. ஒரு உயிரினத்தின் மாதிரியைச் சேகரித்ததிலிருந்து அது விவரிக்கப்படும்வரை சராசரியாக 21 வருஷம் ஆகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். எல்லா வகை உயிரினங்களையும் சேர்த்து எடுத்த கணக்கு அது. செய்தித்தாளில் 'காட்டில் புதிய சிலந்தி கண்டுபிடிப்பு' என்று வரும்போது, அந்தச் சிலந்தி ஏதோ அலமாரியில் உங்கள் கல்லூரிக் காலத்திலிருந்தே கிடந்திருக்கக்கூடும்.

சட்டப் பக்கம். துரஹள்ளி வனத்துறையின் காடு. அனுமதி இல்லாமல் அங்கிருந்து எதையும், செத்த சிலந்தியைக்கூட, டப்பாவில் போட்டு எடுத்து வராதீர்கள். பன்னேர்கட்டா தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே குறுக்கே நிற்கும். அனுமதிக்கு மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் உள்ள அரண்ய பவனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு ஆய்வு நிறுவனத்தின் பெயரில் கேட்டால்தான் நடக்கும், தனியாளாகப் போனால் அலைச்சல். அனுமதி இல்லாத மாதிரியை வைத்து எழுதிய கட்டுரையை நல்ல ஆய்விதழ்கள் வாங்காது. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: புதிய இனத்தைக் கண்டறிபவர் யாராக இருந்தாலும் அதை, மாதிரிகளைப் பாதுகாக்கவென்று அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது. வெளிநாட்டு நிபுணருக்குக் கூரியரில் அனுப்பலாமே என்று நினைக்கவே வேண்டாம். அதற்கு சென்னை தரமணியில் உள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் விதிகள் இருக்கின்றன.

இவ்வளவும் முடிந்து, இது புதியதுதான் என்று உறுதியானால் எழுத்து வேலை. சேகரித்த சிலந்திகளில் ஒன்றை ஹோலோடைப் என்று தேர்ந்தெடுத்து, எந்தக் காப்பகத்தில், என்ன எண்ணில் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். அந்த இனப் பெயருக்கு நிரந்தர ஆதாரம் அந்த ஒரு சிலந்தி மட்டுமே. நாளைக்குத் தகராறு வந்தால் எல்லோரும் போய் நிற்பது அதனிடம்தான். தாவும் சிலந்திகளில் ஆணைத் தேர்ந்தெடுப்பதே வழக்கமாக இருக்கிறது. கூடவே வைக்கும் மற்றவை பாராடைப்.

விவரிப்பில் உயிர்நாடி வேறுபாட்டுப் பத்திதான். மிக நெருங்கிய இனம் எது, அதிலிருந்து இது எதில் மாறுகிறது என்று வார்த்தையில் சொல்ல வேண்டும். சர்வதேச விதியே அதைக் கட்டாயமாக்குகிறது. வெறும் படம் மட்டும் போட்டால் பெயர் செல்லாது. இந்தப் பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'எம்போலஸ் பல்பின் ஒன்பது மணித் திசையில் தொடங்குவதாலும், டிபியாக் கொம்பின் நுனி உள்நோக்கி வளைந்திருப்பதாலும் இன்ன இனத்திலிருந்து வேறுபடுகிறது, அதில் எம்போலஸ் ஏழு மணித் திசையில் தொடங்கும், கொம்பு நேராக இருக்கும்.' பல்பைக் கடிகார முகமாக வைத்துப் பேசுவது எங்கள் வழக்கம். அதற்குப் பிறகு வரும் நீண்ட வர்ணனையில் கண்களின் விட்டம், கண்களுக்கு இடையே தூரம், எட்டுக் கால்களின் கணு வாரியான நீளம், எந்தக் காலில் எங்கே முள் என்று எல்லாம் வரும். உண்மையைச் சொன்னால், எழுதுபவரைத் தவிர ஒருவரும் அதை முழுதாகப் படிப்பதில்லை. ஆனால் ஐம்பது வருஷம் கழித்து யாராவது ஒருவருக்கு அதில் ஒரு வரி தேவைப்படும்.

மரபணு வேண்டுமா என்று கேட்பீர்கள். கட்டாயம் இல்லை. ஒரு காலை எடுத்து முழு வீரிய எத்தனாலில் தனியாக வைத்தால் போதும், சிலந்தியின் மற்ற பாகத்துக்குச் சேதமில்லை. சிஓஐ என்ற மரபணுவில் 658 எழுத்து நீளத் துண்டைப் படித்து மற்ற இனங்களோடு ஒப்பிடுவார்கள். ஆண் பெண் ஜோடி சேர்க்கவும், இளஞ்சிலந்தி எந்த இனத்துக் குட்டி என்று அறியவும் மிக உதவி. இத்தனை சதவீதம் மாறினால் புது இனம் என்று எல்லாச் சிலந்திக்கும் பொருந்தும் கோடு எதுவும் இல்லை, அதனால் மரபணு எழுத்து வரிசையை மட்டும் வைத்துப் பெயர் வைக்க அவசரப்படக் கூடாது.

சரி, இருசாயிப் பாட்டிக்கு வருவோம். பெயர் லத்தீன் எழுத்துகளில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்; சொல் எந்த மொழியிலிருந்தும் வரலாம். ஆளின் பெயர் என்றால் வழக்கமாக ஆணுக்கு 'ஐ' ஈறும், பெண்ணுக்கு 'ஏ' என்று முடியும் ஈறும் சேரும். துக்காராம் துக்காராமி ஆனது அப்படித்தான். இருசாயி இருசாயியே ஆவார். ஈறு எதுவும் சேர்க்காமல் பெயரை அப்படியே வைக்கவும் இடமுண்டு, சச்சின்டெண்டுல்கர் அப்படி வந்தது. அதே பேரினத்தில் அதே பெயர் ஏற்கெனவே இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் தடை. இருசாயி விஷயத்தில் அந்தக் கவலை இல்லை என்று நினைக்கிறேன். கிரிக்கெட்டுக்காரர், நடிகர் என்று வைக்கும் பெயர்களைவிடத் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாட்டி பெயர் எனக்கு எவ்வளவோ பிடித்திருக்கிறது. விவரிப்பவர் தன் பெயரையே வைத்துக்கொள்ள விதியில் தடை இல்லை, ஆனால் அப்படிச் செய்தால் துறையில் ஆயுசுக்கும் கேலிதான்.

வைத்த பெயரை மாற்றவும் முடியாது. ஸ்லோவேனியாவின் குகை வண்டு ஒன்றுக்கு 1937இல் ஹிட்லரின் பெயரை வைத்தார்கள், அது இன்றும் அனோஃப்தால்மஸ் ஹிட்லரிதான். எழுத்துப்பிழையோடு அச்சானாலும் பெரும்பாலும் அதுவே நிற்கும். அதனால் பாட்டி பெயரை லத்தீன் எழுத்தில் எப்படி எழுதுவது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

பெயரின் ஆசிரியர் யார் என்பதை விதி தெளிவாகச் சொல்கிறது: கட்டுரையில் விவரித்து வெளியிட்டவர். முதலில் பார்த்தவர் இல்லை, படம் எடுத்தவரும் இல்லை. களத்தில் சேர்ந்து உழைத்தால் உங்களையும் ஆசிரியராகச் சேர்ப்பார்கள், இல்லையென்றால் நன்றி சொல்லும் பத்தியில் வருவீர்கள். ஆக, இப்போதே பேச வேண்டிய ஆட்கள் சிலந்தி ஆய்வாளர்கள். ஜிகேவிகே வளாகத்தில் இருக்கும் என்சிபிஎஸ், கொச்சி தேவரை சேக்ரட் ஹார்ட் கல்லூரி, இரிஞ்ஞாலக்குடா கிறைஸ்ட் கல்லூரி, இந்திய விலங்கியல் அளவைத் துறையின் சென்னை சாந்தோம் மையம் என்று கேட்டுப் பார்க்க இடங்கள் உள்ளன. வெளியிட நியூசிலாந்தின் ஸூடாக்ஸா, பல்கேரியாவின் ஸூகீஸ் எல்லாம் உண்டு. கோயம்புத்தூரிலிருந்தே ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸா வருகிறது. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் கட்டுரையை விலங்குப் பெயர்களுக்கான ஸூபேங்க் பதிவேட்டில் முன்பே பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர் செல்லாது. அதுவரைக்கும் ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப் குழுவிலோ 'இருசாயியே' என்று எழுதிவிடாதீர்கள். விவரிப்பில்லாத பெயராக அது வெளியே சுற்றினால் பின்னால் குழப்பத்துக்குத்தான் உதவும்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது படம். மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் கண்ணாடிப் புட்டியில் சில நிமிஷம் வைத்து வயிற்றடியை எடுத்துவிட்டு அதே இலையில் விட்டுவிடுங்கள். என்ன செடி, தரையிலிருந்து எவ்வளவு உயரம், நிழலா வெயிலா, எத்தனை மணி என்று குறித்துக்கொள்ளுங்கள். இதே சிலந்தி பக்கத்தில் இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றே ஒன்று கிடைத்தால் ஊனமுற்றதா, அரிதா, வழிதவறி வந்ததா என்று சொல்ல முடியாது. மழைக்குப் பிறகு ஒரு நடை போய்ப் பார்ப்பது நல்லது, அப்போது முதிர்ந்தவை அகப்படும் வாய்ப்பு அதிகம்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். அசல் கோப்பை, இடக்குறிப்பு அழியாமல், மின்னஞ்சலில் அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஏற்கெனவே எடுத்த படத்தைப் பெரிதாக்கி, முகத்துக்கு முன்னால் இருக்கும் அந்த இரண்டு குட்டைக் கால்களின் நுனி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் ஆண். நுனியில் கருத்துக் கெட்டியாக ஏதாவது தெரிந்தால் முதிர்ந்த ஆணாகவே இருக்கலாம். அந்தப் படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அதை முதலில் அனுப்புங்கள்.